நான்காம் காலின் கணக்கு

டீக்கடை வாசலில் கிடக்கும் நான்கு கால் ஸ்டூலுக்கு எப்போதும் ஏதாவது ஒரு காலில் குறை இருக்கும். அதன் அடியில் சிகரெட் அட்டையை மடித்து வைத்திருப்பார்கள். அது நசுங்கியதும் வேறு அட்டை வரும். கல்யாண வீட்டு வீடியோக்காரரின் ட்ரைபாடுக்கு இந்த வைத்தியம் தேவைப்படுவதில்லை. ஜல்லி கொட்டிய தரையானாலும் அதன் மூன்று கால்களும் பதிந்துதான் நிற்கும்.

அந்த ஸ்டூலின் நட்டநடுவில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு காலும் எவ்வளவு சுமக்கிறது?

நாலால் வகுத்து 15 கிலோ என்று சொல்லிவிடலாம். ஆனால் ஸ்டூல் ஆடுகிறது என்றாலே ஒரு கால் தரையைத் தொடவில்லை என்று அர்த்தம். தொடாத கால் எதையும் சுமக்காது. அதன் பங்கு எங்கே போகிறது? சிவில் மாணவர்களை மூன்றாம் ஆண்டில் பாடாய்ப் படுத்தும் கட்டமைப்புப் பகுப்பாய்வு (அவர்கள் வாயில் ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ்) பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நகர்கிறது.

நிச்சயமாகத் தெரிந்ததிலிருந்து தொடங்கலாம். ஸ்டூல் அசையாமல் நிற்கிறது. ஆகவே கால்கள் சுமப்பதையெல்லாம் கூட்டினால் 60 வர வேண்டும். முன்பின்னாகக் கவிழக் கூடாது. பக்கவாட்டிலும் கவிழக் கூடாது. சமநிலை நமக்குத் தரும் தகவல்கள் இந்த மூன்றே. கால்கள் மூன்றாக இருந்தால் தெரியாத எண்களும் மூன்று, விடை ஒன்றே ஒன்று. கால்கள் நான்கு என்றால், எதிரெதிர் மூலைக் கால்கள் சமமாகச் சுமக்க வேண்டும், அடுத்தடுத்த இரண்டு கால்களின் சுமை சேர்ந்து 30 ஆக வேண்டும் என்பதோடு சமநிலை வாயை மூடிக்கொள்கிறது. 15-ம் 15-ம் சரி. 22-ம் 8-ம் சரி. ஒரு மூலைவிட்டத்தின் இரண்டு கால்கள் ஆளுக்கு 30 கிலோ சுமக்க, மற்ற இரண்டும் சும்மா நின்றாலும் சரி. எது நடக்கிறது என்பதை அடியில் செருகிய அட்டையின் தடிமன் முடிவு செய்கிறது.

சமநிலையை மட்டும் வைத்தே விடை காண முடிகிற அமைப்பைத் தீர்வுறு அமைப்பு என்று சொல்லலாம். வகுப்பறையில் அது டிடெர்மினேட். அதற்குமேல் ஒரு காலோ ஒரு தூணோ கூடிவிட்டால் அது மிகையுறு அமைப்பு, இன்டிடெர்மினேட். நாம் வாழும் கான்கிரீட் வீடுகள் அநேகமாக எல்லாமே இரண்டாவது வகை.

மிகை என்றால் கூடுதல் பாதுகாப்பு என்றுதான் மனம் சொல்லும். கலிலியோ 1638-இல் வெளியிட்ட ‘இரண்டு புதிய அறிவியல்கள்’ நூலில் இதற்கு ஒரு மறுப்பு இருக்கிறது. பெரிய பளிங்குத் தூண் ஒன்றைத் தரையில் கிடத்தி, இரண்டு முனைகளுக்கும் அடியில் மரக்கட்டைகள் வைத்திருந்தார்கள். நடுவில் தன் எடையாலேயே ஒடிந்துவிடக் கூடாதே என்று ஒரு தொழிலாளி நடுவிலும் ஒரு கட்டை வைக்கச் சொன்னார். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். சில மாதங்களில் தூண் அந்த நடுக்கட்டைக்கு நேர் மேலேயே விண்டுபோனது. முனையில் இருந்த கட்டைகளில் ஒன்று உளுத்துப்போய் இறங்கியிருக்கிறது. நடுக்கட்டை மட்டும் உறுதியாக நின்றதால் தூணின் ஒரு பாதி அந்தரத்தில் தொங்கியது. முதலில் இருந்த இரண்டு கட்டைகள் மட்டும் இருந்து, அதில் ஒன்று இறங்கியிருந்தால் தூணும் கூடவே சாய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

கணித மேதை ஆய்லர் 1770-களில் நான்கு கால் மேசைக்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். தரை துளியும் அமுங்காது என்று பிடிவாதமாக இருந்தால் விடை கிடையாது. கொஞ்சம் அமுங்கும் என்று ஒப்புக்கொண்டால் விடை வந்துவிடும் என்பது அவர் கண்ட வழி. அதைப் பொறியாளர்களுக்கு உதவும் முறையாக வளர்த்தவர் பிரான்சின் நேவியே. அவருடைய பாடநூல் 1826-இல் வந்தது. எந்தப் பொருளும் சுமை ஏறினால் சிறிது சுருங்கும் அல்லது நீளும், சுமையை எடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். எவ்வளவு சுமைக்கு எவ்வளவு சுருக்கம் என்பதை அளந்து தெரிந்துகொள்ளலாம். அடுத்து, சுருங்கிய பிறகும் நான்கு கால்களும் ஒரே பலகையில்தான் மாட்டியிருக்க வேண்டும், ஒரே தரையில்தான் நிற்க வேண்டும். சமநிலை, பொருளின் குணம், இந்தப் பொருத்தம் ஆகிய மூன்றையும் சேர்த்தால் காணாமல் போன நான்காவது சமன்பாடு கிடைத்துவிடுகிறது. (அதே காலத்தில் நேவியே பாரிசில் கட்டிய தொங்குபாலம், சங்கிலிகளைப் பிடித்திருந்த மண்ணடி அடித்தளம் நகர்ந்ததால் திறப்பதற்கு முன்பே பிரிக்கப்பட்டது. தரை அமுங்கும் என்ற செய்தியை அவருக்கே தரை சொல்லிக்காட்டியது போலும்.)

நேவியேயின் வழியில் போனால் எதிர்பாராத ஓர் உண்மை வெளிப்படுகிறது: விறைப்பாக இருப்பது சுமையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஸ்டூலின் இரண்டு எதிர்மூலைக் கால்கள் இரும்பாகவும் மற்ற இரண்டு ரப்பராகவும் இருந்தால், இரும்புக் கால்களே ஏறக்குறைய முழுச் சுமையையும் வாங்கிக்கொள்ளும். நிலநடுக்கத்தில் இது உயிரை வாங்குகிறது. பள்ளிக்கூடங்களில் தூணுக்கும் தூணுக்கும் இடையே பாதி உயரத்துக்குச் சுவர் எழுப்பி, மேலே வெளிச்சத்துக்காக வரிசையாக ஜன்னல் விடுவார்கள். சுவர் பிடித்துக்கொள்வதால் அந்தத் தூணின் அசையக்கூடிய நீளம் பாதியாகிவிடுகிறது. நீளம் பாதியானால் பக்கவாட்டு விறைப்பு எட்டு மடங்கு. கட்டடம் ஆடும்போது, சுவரில்லாத பக்கத்தில் உள்ள உயரத் தூண்கள் லேசாகத் தப்பிக்க, இந்தக் குட்டைத் தூண்கள் மட்டும் எட்டுப் பங்கு விசையை வாங்கிக் குறுக்காக வெடிக்கும். குட்டைத் தூண் விளைவு என்ற பெயரில் இது உலகெங்கும் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. பலமாகத் தெரியும் தூண்தான் முதலில் போகிறது.

இனி ஸ்டூலை விட்டு ஒரு வீட்டு உத்தரத்துக்கு வருவோம். 6 மீட்டர் நீளம். மீட்டருக்கு 20 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2 டன், சுமை. உத்தரம் தொய்ய முயலும்போது நடுவில் அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது; முனைகளைத் தூண்கள் இறுக்கிப் பிடித்திருப்பதால் அங்கே மேல்பக்கம் இழுபடுகிறது. அதனால்தான் உத்தரத்தின் நடுவில் கம்பி கீழேயும், தூண் அருகில் மேலேயும் வேண்டியிருக்கிறது. ஓர் இடத்தில் வளைக்கும் முயற்சி எவ்வளவு பலமானது என்பதற்கான அளவை வளைவுத் திருப்புத்திறன் என்கிறோம். சைட்டில் வெறும் மொமெண்ட். நேவியே வழியில் கணக்கிட்டால் முனைகளில் 60, நடுவில் 30 வரும் (அலகு கிலோநியூட்டன் மீட்டர்).

ஒரே உத்தரம் என்றால் சுலபம். பத்து மாடி, ஒவ்வொரு மாடியிலும் நாலைந்து உத்தரம், தூண்களோடு பின்னிக்கிடக்கிறது என்றால்? நூறு சமன்பாடுகளை ஒரே நேரத்தில் தீர்க்க வேண்டும். கையால் அது நடக்காத காரியம். 1930-இல் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டி கிராஸ் பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றில் இதற்கு வழி சொன்னார். அதன் மீது எழுந்த விவாதம் கட்டுரையைப் போலப் பல மடங்கு பக்கங்களைப் பிடித்தது.

அவருடைய தந்திரத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். நம் உத்தரத்தை ஒட்டி அதே நீளத்தில், குறைந்த சுமையுடன் இன்னொரு உத்தரம் தொடர்கிறது. முதலில் எல்லா இணைப்புகளையும் பூட்டிவிட்டதாகக் கற்பனை செய்துகொள்கிறோம். நடு இணைப்பின் இடது பக்கம் 60, வலது பக்கம் 36. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்யவில்லை, 24 உபரி. இப்போது பூட்டைத் திறந்தால் இணைப்பு சிறிது திரும்பி அந்த 24-ஐப் பங்கிட்டுக்கொள்ளும். விறைப்பு இரண்டு பக்கமும் சமம் என்பதால் ஆளுக்கு 12. இடதில் 60 இறங்கி 48, வலதில் 36 ஏறி 48. சமன். ஆனால் இணைப்பு திரும்பியதால் தூர முனைகளுக்கும் அதன் அதிர்வு போகும், பங்கில் பாதியாக: இடக்கோடியில் 60 ஏறி 66, வலக்கோடியில் 36 இறங்கி 30. கட்டடம் பெரிதென்றால் இணைப்பு இணைப்பாகப் போய் இதையே திரும்பச் செய்ய வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் உபரி சுருங்கிக்கொண்டே வரும். நாலைந்து சுற்றில் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குப் போய்விடும். சமன்பாட்டைத் தீர்க்கத் தேவையே இல்லை, கூட்டலும் கழித்தலும் போதும். இன்றும் தேர்வில் அந்தப் பெரிய அட்டவணை கேட்கப்படுகிறது. ஒரு இடத்தில் கூட்டல் குறி கழித்தலாகிவிட்டால் பதினைந்து மதிப்பெண்ணும் போச்சு.

பிறகு கணினி வந்தது. விமான இறக்கைகளை ஆராய்ந்தவர்கள் 1950-களில் விறைப்பு அணி முறையை வளர்த்தார்கள். இன்று ஸ்டாட் போன்ற மென்பொருள் ஒரு சொடுக்கில் ஆயிரக்கணக்கான இணைப்புகளுக்கு விடை தருகிறது, அதுவும் தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்தோடு.

அந்த இலக்கங்களுக்கும் நிஜக் கட்டடத்துக்கும் என்ன உறவு? 1929-இல் பிரிட்டனில் எஃகுக் கட்டமைப்பு ஆய்வுக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஜான் பேக்கர் என்ற பொறியாளரும் உடனிருந்தவர்களும் லண்டனில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு ஹோட்டல், ஓர் அலுவலகக் கட்டடம் முதலியவற்றின் எஃகுச் சட்டங்களில் அளவீட்டுக் கருவிகளைப் பொருத்தி, உண்மையில் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று பார்த்தார்கள். அளந்ததற்கும் வடிவமைப்பாளர்கள் கணக்கிட்டதற்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை. சுழலும் என்று கருதிய இணைப்புகள் விறைப்பாக இருந்தன. கணக்கில் வராத சுவர்களும் தளங்களும் தங்கள் பங்குக்குச் சுமந்தன. இத்தனைக்கும் கட்டடங்கள் நன்றாகத்தான் நின்றன. குழு 1936-இல் இன்னும் துல்லியமான ஒரு வடிவமைப்பு முறையைப் பரிந்துரைத்தது. அது அவ்வளவு சிக்கலாக இருந்ததால் யாரும் கையில் எடுக்கவில்லை.

துல்லியத்துக்கு எல்லை எங்கே என்பதற்கு நம் 6 மீட்டர் உத்தரமே சாட்சி. அது 230 மில்லிமீட்டர் அகலம், 450 மில்லிமீட்டர் ஆழம், எம் 25 கான்கிரீட் என்று கொள்வோம். ஒரு பக்கத்துத் தூணின் அடித்தளம் மட்டும் 8 மில்லிமீட்டர், சுண்டுவிரல் அகலம்கூட இல்லை, கூடுதலாக இறங்கினால்? விரிசல் விழாதவரை, முனைகளில் கிட்டத்தட்ட 60 அளவுக்கு மொமெண்ட் மாறிவிடும். இறங்கிய பக்கத்தில் 60 பூஜ்யத்துக்குப் போகும், மறுபக்கத்தில் 120 ஆகும். உத்தரம் சுமக்கும் 12 டன் எடையும் ஒரு தூணின் 8 மில்லிமீட்டர் சறுக்கலும் ஏறக்குறைய சம வலிமை உள்ளவை. எந்தத் தூண் எவ்வளவு இறங்கும் என்று மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்ல எந்த மண் பரிசோதனையாலும் முடியாது. ஆகவே அந்த 60-ஐ நம்பிக் கட்டுகிறோமா என்றால், நேர்மையான பதில் இல்லை என்பதுதான்.

ஆனால் ஒன்று மாறவில்லை. நடு மொமெண்டையும் இரு முனைகளின் சராசரியையும் கூட்டிப் பாருங்கள். முதலில் 30 கூட்டல் 60. இறங்கிய பிறகும் 30 கூட்டல் 60, ஏனென்றால் பூஜ்யத்துக்கும் 120-க்கும் சராசரி 60-தான். மொத்தம் 90. இது சமநிலையின் கட்டளை. தரை இறங்கினாலும் ஏறினாலும் மாறாது. ஸ்டூலில் 30 மாறாமல் இருந்ததைப் போலவேதான். மொத்தத்தைச் சமநிலை நிர்ணயிக்கிறது. பங்கீடுதான் தரையின், அட்டையின், கட்டிய வரிசையின் விருப்பத்துக்கு ஆடுகிறது.

பங்கீடு தெரியாமலேயே கட்டடம் எப்படிப் பாதுகாப்பாக நிற்கிறது? ஹங்கேரியின் காபோர் கசின்சி 1914-இல் வெளியிட்ட சோதனை இதைத் திறந்து காட்டியது. முனைகளைக் கான்கிரீட்டில் புதைத்த எஃகு உத்தரங்களின் மேல் அவர் சுமையைக் கூட்டிக்கொண்டே போனார். முனைகளில் எஃகு தன் எல்லையை எட்டியும் உத்தரம் விழவில்லை. அந்த இடம் தன்னால் முடிந்ததைத் தொடர்ந்து தாங்கிக்கொண்டே, துருப்பிடித்த கீல் மாதிரி மெல்லத் திரும்பியது. கூடுதல் சுமை நடுப்பகுதிக்குப் போனது. நடுவும் எல்லையை எட்டி, மூன்று கீல்களும் உருவான பிறகே உத்தரம் சரிந்தது. இந்த இடங்களை நெகிழ்கீல் என்று சொல்லலாம். சாதாரணக் கட்டுமான எஃகு ஒரு மீட்டருக்குச் சுமார் 1.25 மில்லிமீட்டர் நீள்வதோடு மீட்சியை இழக்கிறது. ஆனால் அறுவதற்கு முன் அதைப் போல நூறு மடங்குக்கு மேல் நீளும். அந்த இடைவெளியில்தான் நம் வீடுகள் உயிர் பிழைக்கின்றன.

இதிலிருந்து பிறந்த தேற்றத்தை 1930-களில் சோவியத் ஒன்றியத்தின் க்வோஸ்தேவ் நிறுவினார். ரஷ்ய மொழியில் இருந்ததால் மேற்கில் அது நெடுநாள் தெரியவில்லை. அங்கே பிறகு தனியாக மீண்டும் நிறுவினார்கள். அது சொல்வது: சமநிலையை மீறாத ஏதாவது ஒரு பங்கீட்டை நீங்களே தேர்ந்தெடுங்கள். அந்தப் பங்கீட்டை ஒவ்வொரு பகுதியும் தாங்கும்படி கட்டுங்கள். பொருள் வளைந்து கொடுக்கக் கூடியதென்றால் கட்டடம் விழாது, அதன் உண்மையான பங்கீடு எதுவாக இருந்தாலும். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜாக்ஸ் ஹேமன் நான்கு கால் மேசையை வைத்தே இதை விளக்கியவர். ஐரோப்பாவின் கல் தேவாலயங்கள் விரிசலோடும் நூற்றாண்டுகள் நிற்பதற்கான காரணத்தையும் இதே வழியில் சொன்னார். ஸ்டூலின் ஒவ்வொரு காலையும் 15 கிலோவுக்குச் சற்று மேல் தாங்கும்படி செய்திருக்கிறோம். உட்கார்ந்ததும் இரண்டு கால்கள்தான் தரையில் இருக்கின்றன. அவை 15-ஐத் தாண்ட முயன்றதும் நசுங்கத் தொடங்கும். நசுங்கினால் பலகை இறங்கும். இறங்கினால் மற்ற இரண்டு கால்களும் தரையைத் தொட்டுவிடும், பிறகு என்ன கவலை? கால்கள் கண்ணாடியால் ஆனவை என்றால் மட்டும் கதை வேறு. முதல் கால் 15-ஐத் தாண்டியதும் பட்டென்று உடையும், அடுத்த இரண்டின் மேல் 30 விழும், அவையும் உடையும்.

இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 இதை ஓரளவு ஏற்றுக்கொள்கிறது. நேவியே வழியிலான மீட்சிக் கணக்கில் வரும் மிகப் பெரிய மொமெண்டை, சில நிபந்தனைகளோடு, 30 சதவீதம் வரை குறைத்துக்கொள்ளலாம். நம் உத்தரத்தின் முனையில் 60-க்குப் பதில் 42 போதும். நடுவில் 30-க்குப் பதில் 48-க்குக் கம்பி வைக்க வேண்டும். கூட்டினால் அதே 90.

பேக்கர் இந்தச் சிந்தனையை உலகப் போரில் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். 1941-இல் பிரிட்டிஷ் அரசு விநியோகித்த மோரிசன் காப்பறை, பார்வைக்கு ஒரு இரும்புச் சாப்பாட்டு மேசை: சுமார் 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், மேலே 3 மில்லிமீட்டர் எஃகுத் தகடு, பக்கங்களில் கம்பி வலை. பகலில் மேலே சாப்பாடு, குண்டு விழும் இரவில் அடியில் படுக்கை. மாடி இடிந்து மேலே விழுந்தால் அதை விறைப்பாக எதிர்க்கும்படி பேக்கர் வடிவமைக்கவில்லை; சட்டம் வளைந்து, விழும் வேகத்தை விழுங்கிக்கொள்ளும்படி செய்தார். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அது போனது.

இதற்காக நேவியேயையும் ஹார்டி கிராஸையும் தூக்கி எறிய முடியாது. விரிசல் எவ்வளவு அகலம், தளம் எவ்வளவு தொய்யும், பாலம் எப்படி அதிரும் என்பதெல்லாம் மீட்சிக் கணக்குதான். ஒல்லியான எஃகு உறுப்பு அமுக்கத்தில் பக்கவாட்டில் நெளிந்துவிட்டால் அது வளைந்து கொடுப்பதல்ல. தாங்கும் சக்தியே திடீரென்று விழுந்துவிடும். 1907-இல் கனடாவின் கியூபெக் பாலம் அப்படித்தான் கட்டும்போதே சரிந்து 75 பேரைக் கொன்றது. தேற்றம் அந்த இடத்தில் செல்லாது. ஆனாலும், பங்கீட்டைத் துருவிக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் செலவிடும் பாடத்திட்டம், பங்கீடு தெரியாமலும் கட்டலாம் என்ற செய்தியைப் பல இடங்களில் கடைசி அலகில், செமஸ்டர் முடியும் அவசரத்தில் சொல்லிவிட்டுப் போவது எனக்குத் தலைகீழாகத்தான் படுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு மென்பொருளின் மூன்று தசம இலக்கத்தைப் பார்க்கும் பார்வையே வேறு.

கான்கிரீட் போடும் அன்று சைட்டில் நின்றால் இது இன்னும் தெளிவாகும். தளத்தின் மேல் கம்பிகள் மேல்மட்டத்தில் கட்டப்பட்டிருக்கும். பாண்டு சுமப்பவர்களும் வைப்ரேட்டர் பிடிப்பவரும் அதன் மேலேயே நடப்பார்கள். கம்பி மிதிபட்டுக் கீழே இறங்கும். உள்ளே உள்ள அறைத் தளங்களில் இதனால் பெரும்பாலும் விபத்து வருவதில்லை. தாங்கும் முனையில் மேல்பக்கம் ஒரு விரிசல் விழும், டைல்ஸுக்கு அடியில் அது கண்ணுக்கும் படாது. நடுவில் உள்ள கம்பிக்குத் திராணி இருந்தால் அது பாக்கியைப் பார்த்துக்கொள்ளும். சுவரிலிருந்து அந்தரத்தில் நீளும் சன்ஷேடுக்கும் பால்கனிக்கும் இந்தச் சலுகை கிடையாது. அவை தீர்வுறு அமைப்புகள். ஒரே ஒரு பிடிமானம், ஒரே ஒரு பாதை, பாக்கியை வாங்கிக்கொள்ள நடு என்ற ஒன்றே இல்லை. 125 மில்லிமீட்டர் தடிமனுள்ள பால்கனித் தளத்தில், அடியிலிருந்து 100 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி மிதிபட்டு 60-க்கு வந்துவிட்டால், வலிமையில் சுமார் 40 சதவீதம் போய்விட்டது. கம்பியைத் தூக்கிப் பிடிக்க அடியில் வளைத்து வைக்கும் சேர் கம்பிகளின் விலை சொற்பம். அவை இல்லாத பால்கனிகளில் சில, சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கிற அன்றைக்கே சுவரோரமாக மடங்கி விழுந்துவிடுகின்றன.